அடியில் ஒழுகும் ஏரி

கனடாவின் ராக்கி மலைகளுக்கு நடுவே ஓர் ஏரி இருக்கிறது. அதற்குள் ஆறு வருகிறது, ஆனால் அதிலிருந்து ஆறு எதுவும் போவதில்லை. மெடிசின் ஏரி என்று பெயர். அதன் தென்கிழக்கு முனையில் மலீன் ஆறு நுரைத்துக்கொண்டு வந்து விழும். சுமார் 7 கிலோமீட்டர் தள்ளி வடமேற்கு முனையில், தண்ணீர் வெளியேற வேண்டிய இடத்தில், பாறைக் குவியல்தான் கிடக்கும். ஓடையும் கிடையாது, மதகும் கிடையாது. ஜூலையில் கரைமுட்ட நிற்கிற தண்ணீர் கோடை முடியும்போது இறங்கத் தொடங்கும். அக்டோபரில் போய்ப் பார்த்தால் எஞ்சியிருப்பது சேற்றுத் தரையும், அதன்மேல் பிரிந்து பின்னி ஓடும் சில வாய்க்கால்களும், அங்கங்கே தேங்கிய குட்டைகளும்தான். அந்த வாய்க்கால்களும் போகப் போக மெலிந்து சரளைக் கற்களுக்கிடையே புகுந்து மறைந்துவிடும். அவ்வளவு பெரிய ஏரி எங்கே போயிற்று?

அடி வழியாகப் போயிற்று. ஏரியின் தரைக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புப் பாறை. அதில் நீரை விழுங்கும் ஓட்டைகள் பல உண்டு. குழாயைத் திறந்துவிட்ட ஒரு தொட்டியின் அடியில் ஓட்டையும் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். குழாயில் வேகம் அதிகமாக இருக்கும்வரை தொட்டி நிறையும், வேகம் குறைந்தால் வற்றும். மெடிசின் ஏரியில் நடப்பது அதுதான். மே கடைசியிலிருந்து மலைப்பனி உருகி, அடியில் இருக்கும் ஓட்டைகளால் விழுங்க முடியாத அளவுக்குத் தண்ணீர் வருகிறது. அதனால் ஏரி எழும்புகிறது. இலையுதிர் காலத்தில் மேலே எல்லாம் உறையத் தொடங்கியதும் வரத்து சுருங்குகிறது. ஆனால் ஓட்டைகள் சுருங்குவதில்லை. ஆண்டுக்கு ஆண்டு நீர்மட்டம் பல மீட்டர் ஏறி இறங்குவது இதனால்தான். மிக அதிகமாகப் பெருகும் ஆண்டுகளில் மட்டும் ஏரி வழிந்து, வழக்கமாக வறண்டு கிடக்கும் மேல்தடத்தில் கொஞ்ச நாள் ஓடும்.

இந்த ஓட்டையை அடைக்கவும் முயன்றிருக்கிறார்கள். 1950களில், இதே பள்ளத்தாக்கில் இன்னும் மேலே இருக்கும் மலீன் ஏரிக்குப் போக இன்றைய தார்ச்சாலை கிடையாது. பயணிகள் மெடிசின் ஏரியைப் படகில்தான் கடக்க வேண்டும். கோடை முடியுமுன்பே தண்ணீர் இறங்கிவிட்டால் படகு தரைதட்டும். அதனால் ஏரியின் நீர் உறிஞ்சும் குழிகளில் மணல் மூட்டைகளையும் பழைய மெத்தைகளையும் லாரி லாரியாகப் பழைய ரீடர்ஸ் டைஜஸ்ட் இதழ்களையும் கொண்டுவந்து திணித்தார்களாம். பூங்காவில் இந்தக் கதையை இன்றும் சொல்கிறார்கள். ஏரி வற்றுவது நிற்கவில்லை. ஒரு குழி அடைபட்டால் பக்கத்துக் குழி நீரை எடுத்துக்கொள்ளும். அடியில் இருப்பது ஒற்றைக் குழாய் அல்ல, கிளைகள் பிரிந்த ஒரு முழு வடிகால் அமைப்பு என்பதைப் படகுக்காரர்கள் விஞ்ஞானிகளுக்கு முன்பே நேரில் கண்டுகொண்டார்கள்.

விஞ்ஞானிகள் சாயத்தோடு வந்தார்கள். 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில், உயிர்களுக்குத் தீங்கு செய்யாத சாயத்தை ஏரி நீரில் கலந்துவிட்டு, கீழே பல இடங்களில் காத்திருந்து நீரைச் சோதித்தார்கள். சுமார் 16 கிலோமீட்டர் தள்ளி, 400 மீட்டருக்கும் மேல் தாழ்வான இடத்தில், மலீன் கேன்யன் என்னும் ஆழமான மலையிடுக்கின் ஊற்றுகளில் சாயம் தென்பட்டது. பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும் சில ஏரிகளிலும் வந்து சேர்ந்தது. அதைவிட முக்கியம், சாயம் எவ்வளவு நேரத்தில் வந்தது என்பது. நீர் பெருகும் காலத்தில் ஒரு நாளுக்குள் வந்துவிட்டது. நீர் வற்றிய காலத்தில் சில நாட்கள் ஆயின. சாதாரண நிலத்தடி நீர் மணலுக்கும் களிமண்ணுக்கும் இடையே ஊறி ஊறி இத்தனை தூரம் போக ஆண்டுகள் ஆகும். ஒரே நாளில் 16 கிலோமீட்டர் என்றால் அது மணிக்கு அரை கிலோமீட்டருக்கும் மேல். பாறைக்குள்ளே கசிவு நடக்கவில்லை, ஓர் ஆறே திறந்த சுரங்கங்களில் ஓடுகிறது என்பதற்கு அந்த வேகமே சாட்சி.

அந்தச் சுரங்கங்களை முழுக்கக் கடந்துபோன மனிதர் எவரும் இல்லை. நுழைவாய்கள் எல்லாம் பாறைச் சரிவிலும் சரளையிலும் புதைந்து கிடக்கின்றன, வெளிவாய்களில் தண்ணீர் முட்டி நிற்கிறது. சாயத்தின் ஓட்டத்தை வைத்தும் நீரின் அளவை வைத்தும் அந்த உலகத்தைக் கணக்கில்தான் காண முடியும். நிலவின் மறுபக்கத்தைப் படம் எடுத்துவிட்ட மனிதன், தார்ச்சாலைக்குக் கீழே ஓடும் இந்த ஆற்றைக் கண்ணால் பார்த்ததில்லை என்பது என்னைத் திரும்பத் திரும்ப வியக்க வைக்கிறது.

பாறை கரைவது எப்படி? மழைநீரும் உருகிய பனிநீரும் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கொஞ்சம் கரைத்துக்கொள்கின்றன. அது மிக மெல்லிய அமிலமாகிறது, நாம் குடிக்கும் சோடாவில் இருப்பதன் நீர்த்த வடிவம். சுண்ணாம்புப் பாறை அதில் மெதுவாகக் கரையும். குளிர்ந்த நீர் வெந்நீரைவிட அதிக வாயுவைத் தாங்கிக்கொள்ளும் என்பதால், பனி மலைகளிலும் இந்த வேலை நின்றுவிடுவதில்லை. ஒரு விரிசலில் கொஞ்சம் கூடுதலாக நீர் போனால் அது அகலும். அகன்றதால் இன்னும் நீர் வரும், வந்ததால் இன்னும் அகலும். கடைசியில் பக்கத்து விரிசல்களின் நீரையும் அதுவே இழுத்துக்கொள்ளும். இப்படித்தான் மயிரிழை போன்ற பிளவு ஓர் ஆற்றின் வழியாகிறது. கரைபடும் பாறையோ 36 கோடி ஆண்டுகளுக்கு முன் வெதுவெதுப்பான ஆழமற்ற கடலின் அடியில், ஓடுடைய உயிர்களின் எச்சங்கள் படிந்து உருவானது. கண்டத் தட்டுகள் நெருக்கியபோது அந்தக் கடலடி மடிந்து எழும்பி மலையாயிற்று.

இந்த ஏரி இருப்பது ஜாஸ்பர் தேசியப் பூங்காவில். ஆல்பெர்ட்டா மாகாணத்தின் எட்மன்டன் நகரத்திலிருந்து மேற்கே சுமார் 360 கிலோமீட்டர். பூங்கா 1907இல் ஏற்படுத்தப்பட்டது, அதன் பரப்பளவு ஏறக்குறைய 11,000 சதுர கிலோமீட்டர். கனடாவின் ராக்கி மலைப் பூங்காக்களில் இதுதான் பெரியது. 1984இல் அண்டைப் பூங்காக்களோடு சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இத்தனை பெரிய காட்டுக்குப் போகிறவர்கள் இரண்டு நாளில் பத்து இடங்களைத் தொட்டுவிட்டு வர ஆசைப்படுகிறார்கள். அது வீண் என்பது என் எண்ணம். ஒரே ஒரு பள்ளத்தாக்கை எடுத்துக்கொண்டு, அதன் தண்ணீரை மேலிருந்து கீழ்வரை பின்தொடர்ந்தால் போதும். ஜாஸ்பர் ஊரிலிருந்து மலீன் ஏரிவரை போகும் சுமார் 48 கிலோமீட்டர் சாலைக்குள் இந்தப் பூங்காவின் கதை ஏறக்குறைய முழுதும் அடங்கியிருக்கிறது.

சாலையின் கடைசியில் மலீன் ஏரி. 22 கிலோமீட்டர் நீளம், அகலம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேலே கீழே. ஆழமான இடத்தில் 97 மீட்டர். ஜூன் தொடக்கம்வரைகூட அதன்மேல் பனித்தட்டு கிடக்கும். பனி விலகியதும் முதலில் தெரிவது கருநீலம். பிறகு ஜூலை, ஆகஸ்டில், பச்சையும் நீலமும் கலந்து பால் கலக்கியதுபோல ஒளிரும் நிறம் ஏறும். ஏரியின் மேல்முனையில் பனியாறுகள் இருக்கின்றன. பனியாறு தன் எடையோடு மலையை உரசி நகரும்போது அடியில் பாறை மாவாக அரைபடுகிறது. அந்த மாவு அவ்வளவு நுண்ணியது, தண்ணீரில் விழுந்தால் உடனே படியாது, வாரக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும். சூரிய ஒளியின் சிவப்புப் பகுதியைத் தண்ணீரே உறிஞ்சிவிடுகிறது. மிச்சமிருக்கும் நீலத்தையும் பச்சையையும் மாவுத் துகள்கள் சிதறடித்து நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகின்றன. கோடையில் பனியாறு அதிகம் உருகும்போது மாவும் அதிகம் வருவதால் நிறம் அப்போதுதான் உச்சத்துக்குப் போகிறது.

ஆகவே அந்த நிறம் பனியாறு உயிரோடு இருக்கிறது என்பதன் அடையாளம். பனியாறுகள் சுருங்கி மறைந்தால் ஏரிகள் தெளிந்துவிடும். தெளிந்த ஏரியும் அழகுதான், ஆனால் அது வேறு ஏரி. இதே பூங்காவின் தெற்கு எல்லையில் உள்ள அதபாஸ்கா பனியாறு 19ஆம் நூற்றாண்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கிவிட்டது. அது எந்த ஆண்டில் எங்கே நின்றது என்பதைக் காட்டும் பலகைகள் வழியெங்கும் நட்டு வைத்திருக்கிறார்கள். நடந்துகொண்டே ஒவ்வொன்றாகப் படித்தால் கடைசிப் பலகைக்கும் பனிக்கும் நடுவே வெறும் கற்கள் கிடக்கும்.

மலீன் ஏரியை 'கண்டுபிடித்தவர்' என்று மேரி ஷாஃபர் என்ற பிலடெல்பியாப் பெண்மணியைப் பல நூல்கள் குறிப்பிடும். தாவரங்களை வரைவதிலும் படம் எடுப்பதிலும் தேர்ந்தவர் அவர். மலைகளில் பெண்கள் தனியாகக் குழு நடத்திப் போவது அபூர்வமாக இருந்த காலத்தில் குதிரைகளோடு புறப்பட்டவர். 1907இல் தேடிப் போய் ஏரியைக் காணாமல் திரும்பினார். அப்போது ஸ்டோனி நகோடா பழங்குடி மக்களைச் சேர்ந்த சாம்சன் பீவர் அவருக்கு ஒரு வரைபடம் வரைந்து கொடுத்தார். சிறுவனாக இருந்தபோது தன் தந்தையோடு ஒருமுறை அங்கே போன நினைவை மட்டும் வைத்து, மலைகளையும் ஆறுகளையும் தாளில் கொண்டுவந்தார் அவர். 1908இல் அந்த வரைபடத்தைப் பிடித்துக்கொண்டுதான் மேரி ஷாஃபரின் குழு ஏரியை அடைந்தது. ஆகவே ஏரி தொலைந்து போயிருக்கவில்லை. அந்த மண்ணின் மக்கள் அதை அறிந்திருந்தார்கள், அதற்கு அவர்களிடம் பெயரும் இருந்தது. பூங்கா உருவான கையோடு, தலைமுறைகளாக அந்தப் பள்ளத்தாக்குகளில் வாழ்ந்த, பழங்குடி-ஐரோப்பியக் கலப்பு மரபினரான மெத்தீஸ் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. இன்று நாம் 'மனித வாடையே இல்லாத காடு' என்று மெச்சும் இடத்தின் வெறுமையில் ஒரு பகுதி மனிதர் கையால் உண்டாக்கப்பட்டது. இதைச் சொல்லாமல் அந்த ஏரியின் அழகை எழுதினால் அது பாதிக் கதை.

மலீன் ஏரியில் மீன் கிடையாது, அதாவது இயற்கையாகக் கிடையாது. கீழே ஆறு பாறைக்குள் மறைந்து ஓடுகிறது, அதற்கும் கீழே செங்குத்தான அருவிகள். எந்த மீனும் அந்த வழியாக நீந்தி மேலே ஏற முடியாது. பனியுகம் முடிந்து ஏரி உண்டான நாள் முதல் 1920களின் கடைசியில் தூண்டில்காரர்களுக்காக புரூக் டிரவுட் மீன்களைக் கொண்டுவந்து விடும்வரை அது மீனற்ற நீராகவே இருந்தது. நிலத்துக்கு அடியில் போகும் ஒரு வழி, மேலே 22 கிலோமீட்டர் ஏரியில் என்ன வாழலாம் என்பதைத் தீர்மானித்துவிட்டது.

ஏரியிலிருந்து மலீன் ஆறு புறப்படும் இடத்தில் வசந்த காலத்தில் ஹார்லெக்வின் வாத்துகளைப் பார்க்கலாம். ஆண் வாத்தின் உடலில் சாம்பல் நீலம், செம்பழுப்பு, வெள்ளைக் கோடுகள் என்று யாரோ பொறுமையாகத் தூரிகை பிடித்து வரைந்ததுபோல் இருக்கும். குளிர்காலத்தைப் பசிபிக் கடற்கரையின் அலை மோதும் பாறைகளில் கழித்துவிட்டு, முட்டையிட இந்த மலை ஆறுகளுக்கு வரும். வேகமான நீரில் முக்குளித்து, அடிக் கற்களில் ஒட்டியிருக்கும் பூச்சிப் புழுக்களைக் கொத்தும். ரப்பர் படகுகளில் கூச்சலிட்டபடி மனிதர்கள் அந்த ஆற்றில் இறங்கத் தொடங்கியதும் வாத்துகள் இரை தேட முடியாமல் கலைந்தன. நீண்ட வாதத்துக்குப் பிறகு 1990களின் கடைசியில் ஆற்றில் படகு விடுவதையே நிறுத்திவிட்டார்கள். சரியான முடிவு. படகு விட ஆறுகள் வேறு எத்தனையோ உண்டு.

மெடிசின் ஏரியின் வடமேற்கு முனைக்கு மறுபடியும் வருவோம். அங்கே கிடக்கும் பாறைக் குவியல், முன்னொரு காலத்தில் மலைச்சரிவு இடிந்து விழுந்தது. பள்ளத்தாக்கை அடைத்து ஏரி தேங்க வழிசெய்தது அதுதான். வீட்டளவு பாறைகள், வண்டியளவு பாறைகள், அவற்றுக்கு நடுவே இருண்ட சந்துகள். கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால் அந்தச் சந்துகளில் எங்கிருந்தோ கூர்மையாக ஒரு 'ஈக்' வரும். குரல் வந்த திசையில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பார்வையைக் கொஞ்சம் தளர்த்தினால், பாறை நிறத்திலேயே, உள்ளங்கையில் அடங்கும் ஒரு பிராணி உட்கார்ந்திருக்கும். வட்டக் காதுகள், வால் என்று சொல்ல எதுவும் இல்லை. பைக்கா. பார்வைக்கு எலி, உறவில் முயல்.

பைக்கா குளிர்காலத்தில் உறங்குவதில்லை. அதனால் கோடை முழுவதும் அதற்கு ஓயாத வேலை. பாறைக் குவியலின் ஓரத்துப் புல்வெளிக்கு ஓடி, வாய் கொள்ளும் அளவுக்கு இலைகளையும் பூக்களையும் கடித்துக்கொண்டு திரும்பி, பாறைக்கு அடியில் அடுக்கி வைக்கும். ஒரு நாளில் பல முறை இந்த ஓட்டம் நடக்கும். சில செடிகளில் நச்சுத்தன்மை இருக்கும். உடனே தின்ன உதவாத அந்த இலைகள் அழுகலைத் தடுத்து, மாதங்கள் கடந்து நஞ்சு தணிந்த பிறகு உணவாகும் என்பதும் ஆய்வுகளில் தெரிய வந்திருக்கிறது. மேலே பல அடிப் பனி மூடிய பிறகு பாறைச் சந்துகள் கதகதப்பாகவே இருக்கும், பனியே போர்வையாகிவிடும். பைக்காவுக்கு ஆபத்து குளிரில் இல்லை, வெயிலில் இருக்கிறது. அடர்ந்த மயிரும் வேகமாக எரியும் உடலும் கொண்ட அது, நம்மூர்க் காலை வெயில் அளவுக்கு வெப்பத்தில் சில மணி நேரம் சிக்கினாலே செத்துவிடக்கூடும். ஆகவே உச்சி வெயிலில் அது பாறைக்குள் போய்விடும். ஆற்றின் வாயை அடைத்த அதே இடிபாடுதான் இந்தச் சின்ன உயிருக்கு வீடும் களஞ்சியமும் குளிர்சாதன அறையும்.

ஏரியின் கரையைச் சுற்றிக் கரிந்த மரங்கள் நிற்பதைப் பார்த்துச் சிலர் முகம் சுளிப்பார்கள். 2015 ஜூலையில் வந்த தீ அது. லாட்ஜ்போல் பைன் என்ற மரத்தின் கூம்புகள் பிசினால் இறுக மூடியிருக்கும். தீயின் சூட்டில்தான் பிசின் இளகி, கூம்பு விரிந்து, விதை சாம்பலில் விழும். வெளிச்சம் பட்ட தரையில் பெர்ரிச் செடிகள் வரும், பெர்ரிக்குக் கரடி வரும். ஜூலை, ஆகஸ்டில் மலீன் சாலையோரம் சிவந்து பழுக்கும் எருமைப் பெர்ரியை ஒரு கிரிஸ்லிக் கரடி ஒரே நாளில் லட்சத்துக்கும் மேல் தின்னும். தீ இந்தக் காட்டுக்கு அந்நியம் இல்லை.

ஆனால் 2024இல் வந்த தீ வேறு மாதிரியானது. ஜூலை 22ஆம் தேதி கிளம்பி, பெருங்காற்றோடு 24ஆம் தேதி மாலை ஜாஸ்பர் ஊருக்குள் புகுந்து, கட்டடங்களில் மூன்றில் ஒரு பங்கை எரித்தது. மொத்தம் 32,000 ஹெக்டேருக்கும் மேல் கருகியது. கேன்யனைச் சுற்றிய காட்டிலும் நுழைந்தது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி முழுதும் சின்னத் தீயைக்கூட விடாமல் அணைத்ததால் காடு ஒரே வயது மரங்களாக நெருங்கி வளர்ந்திருந்தது. குளிர்காலங்கள் மிதமானதால் பிழைத்துப் பெருகிய பைன் வண்டுகள் அந்த மரங்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்று உலர வைத்திருந்தன. அதன்மேல் வறட்சி, அதன்மேல் காற்று. முன்பெல்லாம் மண்ணின் மக்கள் பள்ளத்தாக்கின் அடியைத் தாங்களே அவ்வப்போது எரித்துப் புல்வெளியாக வைத்திருந்தார்கள். அவர்களை அனுப்பியபோது அந்த அறிவையும் சேர்த்துத்தான் அனுப்பினோம்.

இனி தண்ணீர் வெளியே வரும் இடம். மலீன் கேன்யன் ஜாஸ்பர் ஊரிலிருந்து சுமார் 11 கிலோமீட்டரில் இருக்கிறது. 50 மீட்டருக்கும் மேல் ஆழம், சில இடங்களில் எதிர்ச்சுவர் இரண்டு மீட்டர் தூரத்தில்தான் இருக்கும். பாலத்தில் நின்று எட்டிப் பார்த்தால் முதலில் சத்தம்தான் கேட்கும், தண்ணீர் எங்கே என்று கண் தேட வேண்டியிருக்கும். சுவர்களில் வழவழவென்று குடைந்த வட்டக் குழிகள் உண்டு. சுழலில் சிக்கிய கற்கள் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றிக் கடைந்தவை அவை. பாறையை உற்றுப் பார்த்தால் கடல் சிப்பிகளின் கல்லான வடிவங்கள் தெரியும். இந்தச் செங்குத்துச் சுவரின் ஈரமான விளிம்புகளில்தான் கரும் உழவாரன் என்னும் பறவை கூடு கட்டி ஒரே ஒரு முட்டை இடும். பகல் முழுவதும் வானத்திலேயே பறந்து பூச்சி பிடித்துவிட்டு அந்தியில்தான் கூட்டுக்குத் திரும்பும்.

கேன்யனின் மேல் பாலங்களில் பார்த்த ஓடைக்கும் கீழ்ப் பாலங்களில் பார்க்கும் ஆற்றுக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் இருக்கும். ஐந்தாம், ஆறாம் பாலங்களை நெருங்கும்போது, சுவர்களின் அடியிலிருந்தும் கரையோரப் பாறைகளின் கீழிருந்தும் தெளிந்த நீர் கொப்பளித்து ஆற்றோடு சேர்ந்துகொண்டே இருக்கும். மெடிசின் ஏரியில் மறைந்த நீர் இதுதான். குளிர்காலத்தில் மேல் கேன்யனின் நீரோட்டம் நின்று அருவிகள் கண்ணாடித் தூண்களாக உறைந்துவிடும். வழிகாட்டிகள் காலணிக்கு முள் மாட்டிவிட்டு, மனிதர்களை ஆற்றின் தரையிலேயே நடத்திக் கூட்டிப் போவார்கள். ஆனால் அந்த ஊற்றுகள் உறையாது. பூமிக்கு அடியிலிருந்து வருவதால் அவற்றின் வெப்பம் பெரிதாக மாறுவதில்லை. மைனஸ் 30 டிகிரியிலும் திறந்த நீர் இருப்பதால், டிப்பர் என்ற குட்டைப் பறவை அங்கே குளிர்காலம் முழுவதும் தண்ணீருக்குள் மூழ்கி நடந்து புழு பொறுக்கும். இங்கிருந்து தண்ணீர் அதபாஸ்கா ஆற்றில் சேர்ந்து, ஏரிகள் சிலவற்றைக் கடந்து, மெக்கன்சி ஆறாகி ஆர்க்டிக் பெருங்கடலுக்குப் போகிறது.

இதே பள்ளத்தாக்கில் காணாமல் போன இன்னொன்று இருக்கிறது. அது எந்த ஊற்றிலும் திரும்பி வரவில்லை. மலீன் ஏரியைச் சுற்றிய மலைகளில் கரிபூ மந்தை ஒன்று இருந்தது. கரிபூ மான் இனம். முதிர்ந்த காடுகளில் மரத்திலும் தரையிலும் மிக மெதுவாக வளரும் பாசிக்காளான்களைத் தின்று குளிர்காலத்தைக் கடத்தும். அகன்ற குளம்புகளால் ஆழமான பனியில் புதையாமல் நடக்கும். அதன் தற்காப்பும் அதுதான், ஓநாய் ஏற முடியாத பனி உயரத்துக்குப் போய்விடுவது.

அந்த மந்தையை அழித்தவர்கள் யாரும் அதைக் குறிவைக்கவில்லை. வேட்டையால் அழிந்திருந்த எல்க் மான்களை 1920இல் அமெரிக்காவின் யெல்லோஸ்டோனிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். ஓநாய்களை 1950களின் கடைசிவரை சுட்டும் நஞ்சு வைத்தும் கொன்றார்கள். பயமில்லாத எல்க் பல்கிப் பெருகியது. கொல்வதை நிறுத்தியதும் ஓநாய் திரும்பியது, தின்ன எல்க் ஏராளமாக இருந்ததால் அதுவும் பெருகியது. எல்க்கை நம்பி வாழும் ஓநாய்க்கு வழியில் அகப்படும் கரிபூ உபரி இரை. எல்க் மந்தைக்கு அந்த இழப்பு பெரிதில்லை, ஆண்டுக்கு ஒரே கன்று ஈனும் சிறிய கரிபூ மந்தைக்கு அது மரணம். இதில் மனிதர்கள் பனியில் போட்ட தடங்களும் சேர்ந்தன. சறுக்கிப் போனவர்கள் மிதித்து இறுக்கிய பாதையில் ஓநாய் புதையாமல் ஓடி, முன்பு எட்டாத உயரங்களை எட்டியது. மலீன் மந்தை அற்றுப்போய்விட்டதாக 2020இல் அறிவித்தார்கள். அண்டையிலுள்ள பான்ஃப் பூங்காவின் கடைசிக் கரிபூக்கள் 2009இல் பனிச்சரிவில் புதைந்தன.

பூங்கா நிர்வாகம் இன்று கடைசி முயற்சியில் இறங்கியிருக்கிறது. ஜாஸ்பர் ஊருக்குத் தெற்கே கரிபூக்களைப் பெருக்கும் மையம் ஒன்று கட்டி, 2025இல் காட்டிலிருந்து பிடித்த முதல் கரிபூக்களை அங்கே கொண்டுவந்தார்கள். அங்கே பிறக்கும் கன்றுகளை முதலில் விடப்போவது டோன்க்வின் பள்ளத்தாக்கில். அங்கே ஒரு சிறு மந்தை இன்னும் எஞ்சியிருக்கிறது. இப்போது எல்க் எண்ணிக்கையும் அதை நம்பிய ஓநாய் எண்ணிக்கையும் முன்பைவிடக் குறைந்திருப்பதால், தப்பிப் பிழைக்கும் வாய்ப்பு உண்டு என்று நம்புகிறார்கள். நானும் நம்ப விரும்புகிறேன்.

போகிறவர்கள் அக்டோபர் தொடக்கத்தில் போனால் மெடிசின் ஏரியின் தரையைப் பார்க்கலாம், ஆகஸ்டில் போனால் மலீன் ஏரியின் நிறத்தைப் பார்க்கலாம். தீக்குப் பிறகு எந்தப் பாதை திறந்திருக்கிறது என்பதைப் பூங்கா அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது. கரடி, ஓநாய் என்றால் 100 மீட்டர், மான், மலையாடு என்றால் 30 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். டோன்க்வின் பக்கம் நவம்பர் முதல் மே நடுப்பகுதிவரை யாரையும் விடுவதில்லை. அங்கே பனியைப் பார்க்க ஆசைப்பட்டு தடையை மீறிப் போகாதீர்கள். ஓநாய் மேலே ஏறுவதற்கு ஒரு ஜோடிச் சறுக்குக் கட்டையின் தடம் போதும், அடுத்த பனி விழுந்து அது மூடும்வரை.